முதுகுல ஊசியா, முழு மயக்கமா?

வாய்க்கால்ல தண்ணி விட்டு ஒரு மாசம் ஆகப் போகுது. இந்நேரத்துக்கு நாத்து விட்டது, நடவு போட்டதுனு நாலு பதிவாவது வந்திருக்கணும். வரல. ஆடி மாசம் எனக்கு ஒரு ஆபரேசன் ஆச்சுங்க. பெருசா ஒண்ணும் இல்லை, குடலிறக்கம். எங்க வீதியிலேயே மூணு பேர் பண்ணியிருக்காங்க. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துப் போகும், ஒரு மணி நேரத்துல தையல் போட்டு அனுப்பிருவாங்க. எனக்கு அந்த முதுகு ஊசியைப் போட்டுக்கறதா வேண்டாமானு முடிவு பண்ணவே ஆறு வாரம் ஆச்சு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

காரணம் எம்.எஸ். பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். ஒன்பது வருசத்துக்கு முன்னாடி டிராக்டர் ஓட்டிட்டு இருக்கும்போது வலது கண்ணுல புகை அடிச்ச மாதிரி ஆச்சு. கண்ணுல தூசினு நினைச்சுத் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு இருந்தேன். ரெண்டு நாள்ல அந்தக் கண்ணுல டிராக்டரோட சிவப்பே தெரியல, சாம்பலாத் தெரிஞ்சுது. கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்ததுல மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு சொன்னாங்க. ஊர்ல இதை விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். கடைசியா எல்லாரும் "நரம்புத் தளர்ச்சி"னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த வார்த்தையைச் சொன்னாலே பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருக்கற லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சவங்களும் உண்டு.

விசயம் இவ்வளவுதான். மூளை, தண்டுவடத்துல ஓடற நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. மோட்டார் கேபிளுக்கு மேல ரப்பர் இருக்கற மாதிரி. கிருமியை அடிக்க வேண்டிய நம்ம உடம்புக் காவல்காரனே அந்த உறையைப் போய்க் கடிச்சு வைக்கிறான். எங்க தோட்டத்துல மோட்டார் கொட்டகையில எலி கடிச்ச கேபிளைப் பார்த்தா எனக்கு என் முதுகுதான் ஞாபகம் வரும். சில சமயம் கரண்டு போகும், சில சமயம் போகாது, சூடு ஏறுனா இன்னும் மோசம். மத்தியான வெயில்ல வரப்புல அரை மணி நேரம் நடந்தா வலது கண்ணு மங்கிரும். தொட்டித் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்தா தெளிஞ்சிரும். ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் 1890லயே இதை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். நான் தொட்டியில உக்காந்து கண்டுபிடிச்சதா நினைச்சுட்டு இருந்தேன்.

இப்ப வலது கால்ல இறுக்கம் இருக்கு, பாதத்துல மரமரப்பு. எம்.எஸ்.க்குத் தினம் ஒரு மாத்திரை, கால் இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மூணு வேளை. இதோட பண்ணையமும் நடக்குது.

மார்ச் மாசம் வேக வெச்சுக் காய வெச்ச மஞ்சளை மூட்டை புடிச்சு ஏத்தும்போது இடது தொடை இடுக்குல எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்குச்சு. படுத்தா உள்ள போயிரும், நின்னா வெளிய வரும். மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லாம ஒரு கையால புடிச்சுட்டே வேலை பார்த்தேன். வீட்டுக்காரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஜூன்ல டவுன் ஆஸ்பத்திரி ஒண்ணுல தேதி வாங்குனோம்.

அங்க நடந்ததைச் சொல்லணும். அட்மிசன் போடும்போது எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணு ஃபைல்ல "நரம்பு பிரச்னை"னு ரெண்டு வார்த்தை எழுதுச்சு. மறுநாள் காலையில தியேட்டர்ல டேபிள் மேல உக்கார வெச்சு, தலையணையைக் கட்டிப் புடிச்சுட்டு முதுகை வளைங்கனு சொன்னாங்க. மயக்க மருந்து டாக்டரை அப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கறேன். முதுகுல மருந்து தடவுனது சில்லுனு பட்டுது.

"சார், எனக்கு எம்.எஸ். இருக்குதுங்க. ஊசி போடலாமுங்களா?"னு கேட்டேன்.

அவர் கை நின்னுருச்சு. "இதை ஏன் யாருமே எங்கிட்டச் சொல்லல?"னு நர்ஸ் பக்கம் திரும்புனார். ஃபைலைப் புரட்டுனார். அப்புறம், "சரி, முழு மயக்கமே குடுத்துரலாம். படுங்க"ன்னார். ஒரு நிமிசம்கூட ஆகல. அவர் சொன்னது தப்பா சரியானு எனக்குத் தெரியாது. ஆனா நாத்தங்கால்ல விதையைத் தூவப் போற நேரத்துல சாக்கைப் பார்த்துட்டு "இந்த ரகமா, சரி, அடுத்த மூட்டையைப் பிரி"னு சொல்ற ஆளை நான் வேலைக்கு வெச்சுக்க மாட்டேன். "இன்னைக்கு வேண்டாமுங்க சார்"னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அவரும் கோவிச்சுக்கல. நிம்மதியாயிட்ட மாதிரிதான் இருந்தார். ஃபைல்ல எழுதாம விட்டதுக்கு அவர் என்ன பண்ணுவார்?

வீட்டுக்கு வந்தா ஆளுக்கு ஒரு பேச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, "முதுகு ஊசி மட்டும் வேண்டாம் மாப்ள. எங்க வீட்ல ரெண்டாவது பிரசவத்துல போட்டது, இன்னைக்கு வரைக்கும் குனிஞ்சா நிமிர முடியல"ன்னார். இந்தக் கதை எல்லா ஊர்லயும் உண்டு. புள்ளை பெத்த பொம்பளைகளுக்கு ஊசி போட்டாலும் போடாட்டியும் முதுகுவலி வர்றது சகஜம்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்தம்மா பத்து வருசமா நாலு மாட்டுக்குத் தட்டு அறுத்துச் சுமக்கறாங்க, அதை யாரும் கணக்குல எடுத்துக்கல. எங்க அம்மாவுக்கு ஊசியே பிரச்னை இல்லை. "ஆடியில மட்டும் உடம்புல கத்தி வெக்காத சாமி"ங்கறதுதான் அவங்க கட்சி.

ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். இந்த முதுகு ஊசியை 1898ல ஜெர்மனியில ஆகஸ்ட் பியர்னு ஒரு சர்ஜன் ஆரம்பிச்சிருக்கார். தனக்குப் போட்டுப் பார்க்கப் போய் ஊசியும் சிரிஞ்சும் சரியாச் சேராம மருந்து ஒழுகிருச்சு. உடனே உதவியாளருக்குப் போட்டு, மரத்துப் போச்சானு பார்க்க முழங்காலுக்குக் கீழ சுத்தியல்ல தட்டியிருக்கார். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஒயின் குடிச்சுக் கொண்டாடியிருக்காங்க. அப்புறம் அவருக்கு நாள் கணக்கா தலைவலி, உதவியாளருக்குக் காலெல்லாம் கன்னிப் போச்சு. படிக்கச் சிரிப்பா இருந்தாலும் என் கேள்விக்கு அதுல பதில் இல்லை. சில பக்கம் எம்.எஸ். இருந்தா முதுகு ஊசி கூடவே கூடாதுன்னுச்சு, சில பக்கம் தாராளமாப் போடலாம்னுச்சு. ரெண்டு மணி வரைக்கும் படிச்சுட்டுப் பயத்தோட படுத்ததுதான் மிச்சம்.

கடைசியா என் நரம்பு டாக்டர்தான் கோயமுத்தூர்ல ஒரு மயக்க மருந்து டாக்டரம்மாகிட்ட அனுப்பி வெச்சார். ஆபரேசனுக்குப் பத்து நாள் முன்னாடியே போனோம். அறுபது வயசு இருக்கும். "உக்காருங்க. ஆபரேசனை விடுங்க, முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னாங்க. கடைசியா எப்ப கண்ணு மங்குச்சு, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டா, ராத்திரி மூச்சு முட்டுதா, ஸ்டீராய்டு கடைசியா எப்ப எடுத்தீங்க, எத்தனை நாள். இப்படி முக்கால் மணி நேரம். ஸ்டீராய்டு சமீபத்துல நிறைய நாள் எடுத்திருந்தா ஆபரேசன் அன்னைக்கு உடம்பு தானாச் சுரக்க வேண்டியது சுரக்காதாம், தனியாக் குடுக்கணுமாம். நான் எடுத்து அஞ்சு வருசமாச்சு.

அப்புறம் செருப்பைக் கழட்டச் சொல்லி, பஞ்சால தடவி, ஊசி முனையால லேசாக் குத்தி, எது தெரியுது எது தெரியலனு கேட்டுட்டே ஒரு பேப்பர்ல மனுச உருவம் வரைஞ்சு கோடு போட்டாங்க. வலது கணுக்காலுக்குக் கீழ பட்டை பட்டையா கோடு. தேதி போட்டு என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. "எதுக்குங்க மேடம்?"னேன். "நாளைக்கு இந்தக் கால் மரத்துப் போச்சுனு நீங்க சொன்னா, அது புதுசா பழசானு நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியணுமில்ல?"ன்னாங்க. அன்னைக்கு இது சும்மா ஆபீஸ் வேலைனு நினைச்சேன்.

முதுகு ஊசியைப் பத்தி நேராக் கேட்டேன். அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதறேன்.

முதுகு ஊசியில மருந்து தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற தண்ணிக்குள்ளயே போகுது. உறை போன நரம்பு அந்த மருந்துல நேரா நனையும். நல்ல நரம்பு தாங்கறதை அது தாங்குமாங்கற சந்தேகத்துலதான் பழைய டாக்டர்கள் வேண்டாம்னு ஒதுக்குனாங்க. எபிடியூரல்னு இன்னொண்ணு இருக்கு, அது உறைக்கு வெளியவே நிக்கும், நரம்புகிட்டப் போய்ச் சேர்ற மருந்து கம்மி. அதைப் பத்தி ஒரு நல்ல கணக்கு உண்டு. ஐரோப்பாவுல 12 நாட்டுல எம்.எஸ். இருக்கற 254 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்சு 1998ல வெளியிட்டாங்க. கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல நோய் அடங்கியிருக்கு, புள்ளை பொறந்து முதல் மூணு மாசத்துல எகிறியிருக்கு. எபிடியூரல் போட்டவங்க, போடாதவங்கனு பிரிச்சுப் பார்த்தா, ஊசியால கூடுதலா ஒரு கெடுதலும் தெரியல.

"அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்னு யோசிங்க"ன்னாங்க டாக்டரம்மா. "ஒரு பொண்ணுக்கு ஊசி போட்டுப் புள்ளை பொறக்குது. ரெண்டு மாசத்துல கால் இழுக்குது. வீட்ல என்ன சொல்லுவாங்க?"

எங்க வீட்டுக்காரம்மா பட்டுனு, "ஊசிதான்னு சொல்லுவாங்க"ன்னாங்க.

அப்ப எனக்குப் போடலாமானு கேட்டேன். எம்.எஸ். இருக்கறவங்க நிறையப் பேருக்கு முதுகு ஊசி போட்டே சிசேரியன் பண்ணியிருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க, போடவே கூடாதுங்கறது சரியில்லைன்னாங்க. ஆனா எனக்கு வேற வழி இருக்கும்போது அதை மூணாவதா வெச்சுக்கலாம்னாங்க. முழு மயக்கம் குடுத்தா எம்.எஸ். முத்திரும்கறதுக்கும் ஆதாரம் இல்லை. அதுல பார்க்க வேண்டியது வேற. மூச்சுக்குழல் போடறதுக்காக உடம்பைத் தளர்த்த சுக்சினைல்கோலின்னு ஒரு மருந்து குடுப்பாங்க. கால் கை வெலவெலத்து ரொம்ப நாள் முடங்குனவங்களுக்கு அது ரத்தத்துல பொட்டாசியத்தைச் சட்டுனு ஏத்தி இதயத்தையே நிறுத்திரலாம். எனக்கு அவ்வளவு முடக்கம் இல்லைன்னாலும் அதைத் தொட வேண்டாம்னு எழுதுனாங்க. அப்புறம் பேக்லோஃபென். ஆபரேசனுக்குப் பட்டினி கிடக்கச் சொன்னாங்கன்னு அதை நிறுத்திரக் கூடாது. திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கிட்டு வரணும். ஜூன்ல அந்த டேபிள்ல உக்காந்திருந்தப்ப நான் மாத்திரை போட்டிருக்கல. வெறும் வயிறுனு சொன்னாங்க, மாத்திரையும் சேர்த்துத்தான்னு நினைச்சேன்.

எனக்கு முதல் வழியா அவங்க சொன்னது, அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கறது. வீக்கம் சின்னது, உள்ள தள்ளுனா போகுது. வெட்டற இடத்துலயும் அங்க போற நரம்புலயும் ஊசி போட்டாப் போதும். லேப்ராஸ்கோப்பினா முழு மயக்கம் வேணும், திறந்து பண்ணுனா வேண்டாம். கனடாவுல ஷோல்டைஸ்னு ஒரு ஆஸ்பத்திரி குடலிறக்கத்துக்குன்னே இருக்கு, அங்க காலங்காலமா இப்படித்தான் பண்றாங்களாம். சிக்கல் என்னன்னா, நடுவுல என் கால் வெட்டி இழுத்தா சர்ஜனுக்குச் சிரமம், எனக்கும் கொஞ்சம் தெரியும். தாங்க முடியலன்னா அப்பவே முழு மயக்கத்துக்கு மாறிக்கலாம், அதுக்கு எல்லாம் தயாரா இருக்கும்.

"எதுலயாவது நோய் திரும்பாதுனு உறுதி சொல்ல முடியுங்களா மேடம்?"

"முடியாது. நீங்க ஆபரேசனே பண்ணிக்காம வீட்ல இருந்தாலும் சொல்ல முடியாது."

இந்தப் பதிலுக்கு அப்புறந்தான் எனக்குப் பயம் கொறைஞ்சுது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. மருந்துக்கடைக்காரன் "இதை அடிங்க, நூறு சதம் புழு சாகும்"னு சொன்னா நான் அந்த டப்பாவைத் திருப்பி வெச்சுருவேன். அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவங்களே சர்ஜன்கிட்டப் பேசுனாங்க. அவருக்கு முதுகு ஊசிதான் வசதி, முகத்துலயே தெரிஞ்சுது. ஆனாலும் ஒத்துக்கிட்டார்.

ஆடி ரெண்டாவது வாரம். அம்மா மூணு நாளாப் பேசல. தியேட்டர்ல ஏசி நடுக்குச்சு, சூடான போர்வை போட்டாங்க. வெயில் எனக்கு ஆகாதுங்கறதுக்காகக் குளிர்ல நடுங்க விடவும் கூடாதாம். ஊசி போட்ட மொத ரெண்டு நிமிசம் தேள் கொட்டுன மாதிரி எரிஞ்சுது, அப்புறம் ஒண்ணும் தெரியல. பேசறது எல்லாம் காதுல விழுந்துச்சு. சர்ஜன் தன் பையனோட நீட் கோச்சிங் ஃபீஸ் பத்திப் பேசிட்டு இருந்தார். ஒரு கட்டத்துல உள்ள எதையோ புடிச்சு இழுத்தாங்க. வலியில்லை, வயித்தோட அடியையே கையில புடிச்சுச் சுருட்டற மாதிரி. வாந்தி வர்ற மாதிரி ஆச்சு. வலது கால் ஒரு வெட்டு வெட்டுச்சு. "மாறிக்கலாமா?"னு டாக்டரம்மா காதுகிட்டக் குனிஞ்சு கேட்டாங்க. "ஒரு நிமிசம் பார்க்கலாமுங்க"ன்னேன். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாங்க, அடங்கிருச்சு. அந்த ஒரு நிமிசம் நீளமா இருந்துச்சு. மறுபடி பண்ணுனா இதையே கேப்பேனானு கேட்டா, யோசிப்பேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்துட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் காய்ச்சல். 101. விளக்கு வைக்கற நேரத்துக்கு வலது கண்ணு மங்குச்சு. எந்திரிக்கலாம்னு பார்த்தா வலது கால் மரக்கட்டை. ஒன்பது வருசத்துக்கு முந்தி வந்தது அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரம்மா கை நடுங்க நரம்பு டாக்டருக்குப் போன் போட்டாங்க. வெட்டுன இடம் செவந்திருக்கா, சீழ் இருக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுதானு கேட்டார். இல்லைங்கன்னோம். "பாராசிட்டமால் போட்டு, ஈரத்துணியால துடைச்சு, ஃபேனைப் போட்டு விடுங்க. காய்ச்சல் எறங்குனதுக்கு அப்புறமும் ஒரு நாள் முழுக்க இப்படியே இருந்தாத்தான் நோய் திரும்புச்சுனு அர்த்தம். பயப்படாதீங்க, ஆனா நாளைக்குக் காலையில கண்டிப்பாக் கூப்புடுங்க"ன்னார்.

அந்த ராத்திரி நான் தூங்கல. இந்தக் கண்ணு போயிட்டா டிராக்டர் ஓட்ட முடியாது, ஆளுக்கு விட்டா கட்டுபடியாகாது, நாலு ஏக்கரை யாருக்குக் குத்தகைக்கு விடறது, பையன் இப்பத்தான் ஒன்பதாவது. கணக்குப் போட்டுட்டே படுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா துணியை நனைச்சு நனைச்சுப் போட்டுட்டே இருந்தாங்க. மூணு மணிக்கு மேல வேர்த்துச்சு. விடியக்காலம் கட்டுத்தரையில மாடு கத்துனப்போ எந்திரிச்சு ஜன்னல்ல இடது கண்ணை மூடிட்டுப் பார்த்தேன். வேப்பமரம் தெரிஞ்சுது, இலை இலையா. ஒன்பது மணிக்குக் கால் பழைய நெலமைக்கு வந்துச்சு. வீட்டுக்காரம்மா அந்தப் பேப்பரை எடுத்து வெச்சுட்டு, பஞ்சால பாதத்தைத் தடவிப் பார்த்தாங்க. கோடு போட்ட இடத்துல மட்டுந்தான் தெரியல.

பத்து மணிக்குப் பங்காளி வந்தார். ராத்திரி நடந்ததைக் கேட்டதும், "அதான் முதுகு ஊசி வேண்டாம்னேன்ல"ன்னார். முதுகுல போடவே இல்லைங்கனு சொன்னேன். "எங்க போட்டா என்ன, ஊசி ஊசிதான?"ன்னார். உள்ள இருந்து அம்மா, "ஆடி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுக் காப்பி கொண்டு வந்தாங்க.

இப்ப நல்லா இருக்கேன். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதுன்னாங்க, அது முடிஞ்சுது. நடவு கான்ட்ராக்ட் ஆள் வெச்சுத்தான் ஆச்சு, அதுல எவ்வளவு கை கடிச்சுதுங்கறதை அடுத்த பதிவுல எழுதறேன். டாக்டரம்மா போறப்ப ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாங்க. எனக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எதை நிறுத்தக் கூடாது, சுக்சினைல்கோலின் வேண்டாம், காய்ச்சல் வந்தா உடனே எறக்கணும், எப்படி மரக்க வெச்சாங்க, எவ்வளவு மருந்து. வீட்டுக்காரம்மா அதை லேமினேசன் போடக் கடைக்குக் கொண்டு போயி, பாதி வழியில திரும்பி வந்துட்டாங்க. கேட்டா, "மாத்திரை மாறுனா எழுதறதுக்குன்னு கீழ இடம் விட்டிருக்காங்க, ஒட்டிட்டா எப்படி எழுதறது?"ங்கறாங்க. இப்ப அது டிராக்டர் ஆர்.சி. புக் கவருக்குள்ள இருக்கு, ஜெராக்ஸ் ஒண்ணு பீரோவுல.